தாயி, தாம்பா!

மூன்று வருடங்களுக்கு முன், புனேயில் விஷ்ராந்த்வாடிக்கு நாங்கள் குடிவந்த முதல் மழைக்காலம் அது. கணவருக்கு அங்கே வேலை மாற்றல். மதுரைப் பக்கத்திலிருந்து போன எனக்கு இந்தியே தகராறு, மராத்தி சுத்தம்!

அன்று மாலை, எல்.கே.ஜி. படித்த மகளைப் பள்ளியிலிருந்து கைபிடித்து அழைத்து வந்துகொண்டிருந்தேன். எங்கள் தெருமுனையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். மழை பெய்தால் அது வழக்கம்தான் என்பதால், இறங்கிக் கடந்துவிடலாம் என்று போனேன்.

பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "தாம்பா! தாம்பா!" என்று கத்தியது. என் காதில் அது 'தாப்பா' என்று விழுந்தது. நம்ம ஊர் ஆள் போல, யாரிடமோ எதையோ கேட்கிறார், நமக்கென்ன என்று நடந்தேன். அடுத்த நொடி, "தாயி!" என்று ஒரு அலறல்.

என் அப்பா என்னைக் கூப்பிடுவது அப்படித்தான். அவர் போனபிறகு அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. அப்படியே நின்று திரும்பினேன். தண்ணீரைக் கண்ட குஷியில் மகள் மட்டும் என் கையை உதறிவிட்டு ஓடினாள். கத்தியது, ஓரத்தில் காய்கறிக் கடை போட்டிருந்த ஒரு அம்மா. அவர் என்னைத் தாண்டிப் பாய்ந்து, தண்ணீரில் கால் வைக்கப் போனவளைப் புத்தகப்பையோடு பிடித்து இழுத்தார். இருவரும் சேற்றில் விழுந்தார்கள்.

"ஏம்மா, பிள்ளைய என்னா செய்றீக?" என்று சீறினேன்.

"பாண்யாத் கரண்ட் ஆஹே, தாயி!" என்றார் அவர், மூச்சிரைக்க.

'கரண்ட்' மட்டும்தான் புரிந்தது. அவர் கைகாட்டிய இடத்தில் மின்கம்பி அறுந்து தண்ணீருக்குள் தொங்கியது. பக்கத்தில் ஒரு நாய் செத்து மிதந்தது. மகளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன்.

என்னைத் தேற்ற அவருக்கு நேரமில்லை. காய்கறிக் கூடைகளைக் கவிழ்த்துத் தெருவுக்குக் குறுக்கே வைத்தார். நடுவில் கைகளை விரித்தபடி நின்றுகொண்டார். வண்டியில் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள், திட்டினார்கள், பைக்கில் வந்த ஒருவர் மோதுவதுபோல் நெருங்கினார். அந்த அம்மா அசையவில்லை. அவருடைய தக்காளியும் கொத்தமல்லியும் மழைத்தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தன. மகளை ஒரு கடைப்படியில் உட்காரவைத்துவிட்டு நானும் போய் அவர் பக்கத்தில் நின்றேன். "தாம்பா!" என்று கத்தினேன். நான் பேசிய முதல் மராத்தி அதுதான். மின்வாரிய ஆட்கள் வரும்வரை இருவரும் அங்கேயே நின்றோம்.

தாம்பா என்றால் 'நில்லுங்கள்', தாயி என்றால் 'அக்கா' என்று பக்கத்து வீட்டில் பிறகு சொன்னார்கள். என்னைவிட எவ்வளவோ மூத்தவர், என்னைப் போய் அக்கா என்று அழைத்திருக்கிறார்! இருக்கட்டும், எனக்கு அது என் அப்பாவின் குரல்தான். இன்றும் முன்பின் தெரியாத யாராவது ஆபத்தை நோக்கிப் போவதைக் கண்டால், நமக்கென்ன என்று நடக்க எனக்குக் கால் வருவதில்லை.