செவலைக்குத் தெரிந்த ஜெர்மன்

இண்டூர்ப் பக்கம் எங்கள் ஊரில் முதன்முதலில் ஜெர்மன் மொழி படித்தவர்கள் மூன்று பேர். சித்தி, நான், அப்புறம் எங்கள் செவலைப் பசு. மூவரில் பசுதான் பாடத்தை ஒழுங்காகக் கேட்டது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

அப்பாவுக்கு அடிக்கடி மாற்றலாகும் உத்தியோகம். அதனால் என்னைப் பெரியப்பா வீட்டில் விட்டு நான்காம் வகுப்புப் படிக்க வைத்திருந்தார்கள். சித்தப்பாவுக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவருக்குச் சேலத்தில் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் வந்து திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போய்விடுவார். சித்தி எங்களோடு இருந்தாள்.

சித்தி கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள். ஜெர்மனிக்கு நர்சுப் படிப்புக்கு அனுப்புவதற்காக அந்த வருஷம் நான்கு பெண்களைப் பொறுக்கி எடுத்தார்களாம். மூன்று பேர் விமானம் ஏறினார்கள். நாலாவது பெண்ணுக்கு எங்கள் சித்தப்பாவோடு கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. இதைச் சொல்லும்போதெல்லாம் சித்தி சிரிப்பாள். “போகத்தான் முடியல பாப்பா, பேசவாவது கத்துக்கறேன்” என்பாள்.

தபாலில் ஜெர்மன் சொல்லித்தரும் சென்னை நிலையம் ஒன்றின் விளம்பரத்தைக் கண்டுபிடித்தவர் சித்தப்பா. கல்யாணமான பெண்ணின் பெயருக்குப் பதினைந்து நாளைக்கு ஒரு கவர் வந்தால் ஊர் வாய் சும்மா இருக்காது. அதைவிடப் பெரிய தொல்லை பெரியப்பா. அவர் மாதா கோயிலில் உபதேசியார். சாமியார் வராத ஞாயிறுகளில் ஜெபம் சொல்கிறவர், சிரித்துப் பார்த்ததில்லை. அதனால் சித்தப்பா தன் பெயரிலேயே சேர்ந்துகொண்டார். பாடம் வருவது அவருக்கு, படிப்பது சித்தி. யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று மாதா மேல் சத்தியம் செய்தவள் நான்.

சித்தி பெரியப்பாவுக்கு நேரே நின்று பேசமாட்டாள். கணவனின் அண்ணன் என்றால் எங்கள் வீட்டில் அப்படித்தான். “பாப்பா, சித்திகிட்ட தண்ணி கேளு” என்பார் பெரியப்பா. சித்தி நாலடி தள்ளிக் கதவுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருப்பாள். நான் திரும்பி, “சித்தி, தண்ணியாம்” என்பேன். இந்தப் பதவியில் எனக்கு ரொம்பப் பெருமை.

வாய்விட்டுப் படிக்கச் சித்திக்குக் கிடைத்த ஒரே இடம் மாட்டுக்கொட்டகை. காலையும் மாலையும் அவள் பால் கறப்பாள், நான் கன்றைப் பிடித்துக்கொள்வேன். காலையில் “குட்டென் மோர்கென்” என்று செவலைக்கு வணக்கம் சொல்லி ஆரம்பிப்பாள். எயின்ஸ், ஸ்வெய், ட்ரெய், வியர் என்று எண்ணிக்கொண்டே கறப்பாள். பிறகு கிழமைகள், பழங்கள், அண்ணன் தம்பி உறவுகள். சொற்களைக் காதால் கேட்க வழியில்லை. எழுத்தைப் பார்த்து எங்களுக்குத் தோன்றியபடி வாசித்தோம். பல வருஷம் கழித்து நிஜமான ஒரு ஜெர்மன்காரரிடம் நான் எண்ணிக் காட்டினேன். இது எந்த நாட்டு மொழி என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

கடைசிப் பாடம் வருகிற சமயத்தில், பாப்பாரப்பட்டியில் சித்தியின் அம்மா வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டாள். சித்தி நாலு நாளைக்குப் போனாள். அன்று சாயங்காலமே செவலை பாலை அடக்கிக்கொண்டது. பெரியம்மா உட்கார்ந்தால் உதைத்தது. தவிடு வைத்தார்கள், தடவிக் கொடுத்தார்கள், கன்றை விட்டுப் பார்த்தார்கள். அதையும் முட்டித் தள்ளியது. மறுநாள் பெரியப்பாவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்த நிமிஷம் அவர் சாணியில் கிடந்தார். நான் சிரிக்காமலிருக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

ஆனால் மாலைக்குள் சிரிப்பெல்லாம் போய்விட்டது. செவலையின் மடி வீங்கிப்போய், தொட்டாலே துடித்தது. “மடி கல்லாட்டம் ஆயிருச்சு. காய்ச்சல் கண்டு சாவறதுக்குள்ள சந்தைக்கு ஓட்டிடறேன்” என்றார் பெரியப்பா. ஒரு பக்கம் மாதா மேல் செய்த சத்தியம், இன்னொரு பக்கம் செவலை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தது செவலைதான்.

நான் அதன் காதருகே போய், “குட்டென் மோர்கென்” என்றேன். சாயங்காலத்துக்கு வேறு வணக்கம் உண்டு. செவலை அதைப் பொருட்படுத்தவில்லை. காதை ஆட்டியது. எயின்ஸ், ஸ்வெய் என்று எண்ண ஆரம்பித்தேன். பெரியம்மா பயந்துகொண்டே காம்பைப் பிடித்தாள். ட்ரெய்யில் சொம்புக்குள் பால் சர்ரென்று இறங்கியது. பெரியம்மா ஒரு கையால் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“என்ன பாஷை பாப்பா அது?”

“செர்மனுங்க பெரியப்பா.”

“யாரு சொல்லிக் குடுத்தா?”

“சித்தப்பாங்க.”

“உங்க சித்தப்பன் என்னைக்குப் பால் கறந்தான்?”

எனக்கு எண்ணிக்கை விட்டுப்போயிற்று. செவலை உடனே காலைத் தூக்கியது.

“நிறுத்தாத, எண்ணு. இன்னும் ரெண்டு காம்பு இருக்குது” என்றார் பெரியப்பா.

அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. பெரியம்மாவை ஒரு பார்வை பார்த்தார். அவள் பால் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இது புயலுக்கு முந்தைய அமைதி என்று முடிவு செய்துகொண்டேன். சித்தி திரும்பி வந்தபோது என் குட்டு வெளிப்படக்கூடாதே என்று நானும் எதையும் சொல்லவில்லை.

சித்தி கடைசித் தேர்வை எழுதி முடித்தாள். விடைத்தாள் வைத்த கவரைத் தபால் பெட்டியில் போட நான் கிளம்பியபோது, சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்த பெரியப்பா கையை நீட்டினார். “குடு, நல்லம்பள்ளி வரைக்கும் போறேன். நானே போட்டுட்டு வரேன்.” கவர் அவர் சட்டைப் பைக்குள் போனது. என் உயிரும் கூடவே போனது.

அன்றிலிருந்து தினமும் என்னிடம், “சென்னையிலிருந்து கடுதாசி வந்துச்சா?” என்று கேட்க ஆரம்பித்தார். அவர் அறையில் சுவரோரம் புதிதாகக் கண்ணாடி போட்ட ஒரு சட்டம் சாய்ந்திருந்தது. அதற்குள் படம் இல்லை. எங்கள் வீட்டில் சட்டம் போடுவது புனிதர்களுக்கும் செத்துப்போனவர்களுக்கும்தான். யாருக்கு நேரம் நெருங்கியிருக்கிறதோ என்று வீட்டிலிருந்த ஒவ்வொருவரையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் தபால்காரர் என்னிடம் ஒரு விறைப்பான கவரைக் கொடுத்தார். சித்தி கற்றுக்கொடுத்த எழுத்துகளைக் கூட்டிப் படித்தேன். மேலே சித்தியின் பெயர்! எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பெரியப்பா சென்னைக்குப் புகார் எழுதிவிட்டார். சித்தப்பா பெயரில் சித்தி தேர்வு எழுதிய குற்றத்துக்குத் தண்டனை வந்திருக்கிறது. அதற்குத்தான் அவர் காத்துக்கொண்டிருக்கிறார். கவரைக் கொட்டகைக் கூரை ஓலைக்குள் செருகிவிட்டு, அன்றைக்கும் “இல்லீங்க” என்றேன்.

பத்து நாள் போயிற்று. சித்தி பால் கறக்கும்போது எண்ணுவதை விட்டுவிட்டாள். “நான் தேறல போலிருக்குது பாப்பா. தேறியிருந்தா இந்நேரம் வந்திருக்கும்” என்று மாட்டின் வயிற்றில் நெற்றியை வைத்துக்கொண்டாள். என்னால் தாங்க முடியவில்லை. கவரை உருவிக்கொண்டு பெரியப்பாவிடம் ஓடினேன்.

“சித்தியத் திட்டாதீங்க பெரியப்பா. சத்தியத்த மீறினது நான்தாங்க” என்று அழுதேன்.

அவர் ஓலைத் தூசியை ஊதிவிட்டுக் கவரைப் பிரித்தார். உள்ளே அச்சடித்த கெட்டித்தாள் ஒன்று இருந்தது. நெடுநேரம் அதைப் பார்த்தார். அறைக்குள் போய்க் கண்ணாடிச் சட்டத்தை எடுத்து வந்து தாளை அதன்மேல் வைத்து என்னிடம் நீட்டினார்.

“சித்திகிட்ட குடு. பேரு சரியா இருக்குதான்னு பாக்கச் சொல்லு.”

என் பின்னாலேயே கொட்டகையிலிருந்து வந்து கதவுக்குப் பின்னால் நின்ற சித்தி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். படிப்பது தம்பி அல்ல, தம்பி மனைவி, சான்றிதழ் அவள் பெயருக்கே வரவேண்டும் என்று நல்லம்பள்ளி தபால் அலுவலகத்தில் ஒருவரைப் பிடித்து ஆங்கிலத்தில் எழுதவைத்து, அந்தக் கவரோடு பெரியப்பா அனுப்பியிருந்தார் என்பது எனக்குத் தெரிந்தது வெகு காலம் கழித்துத்தான். அன்று தெரிந்ததெல்லாம் சித்தி அழுகிறாள் என்பது மட்டும்தான்.

“சரியா இருக்குதுங்கன்னு சொல்லு பாப்பா.”

“சரியாத்தான் இருக்குதாம்” என்று பெரியப்பாவிடம் கத்தினேன். அடி விழவில்லை, யாரும் சாகப்போவதும் இல்லை. அப்பாடா என்று கன்றை அவிழ்க்க ஓடினேன். தன் பெயரைச் சரியாக எழுதியதற்குப் போய் ஒரு பெரிய மனுஷி இப்படி அழுவாளா என்று செவலையிடம் கேட்டேன்.