சியோலில் நான் தின்ற வேர்க்கடலை

ஆரணியில் இருபது வருடமாகப் பட்டுப்புடவை வியாபாரம் செய்கிறேன். நூலைத் தொட்டே தரம் சொல்வேன் என்று பீற்றிக்கொள்கிற ஆள். போன புரட்டாசியில், சியோலில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்கப் போனேன். "அந்த ஊர்ல கறி துன்னாம உங்களால விரதம் இருக்க முடியாது" என்று சவால் விட்டுத்தான் மனைவி புளிக்காய்ச்சல் கட்டிக் கொடுத்தாள். ஒன்பது நாள் ஜெயித்துவிட்டேன்.

பத்தாம் நாள் கடைத்தெருவில் தனியாக வேடிக்கை பார்த்தபடி நடந்தேன். ஒரு கடையில், தையல்காரர் மாதிரி, நூடுல்ஸைக் கத்தரிக்கோலால் வெட்டித் தந்தார்கள். பக்கத்தில் ஓர் அம்மா அண்டாவில் பழுப்பாக எதையோ அவித்துக்கொண்டிருந்தார். அட, வேர்க்கடலை! ஒரு கோப்பை வாங்கிக் கொறித்தபடி, கெத்தாக மனைவிக்கு வீடியோ கால் போட்டேன்.

"இன்னாங்க சாப்ட்டுகினு இருக்கீங்க?"

"வேர்க்கடலமா. சுத்த சைவம்!"

"கிட்டக் காட்டுங்க. கடலைக்கு எங்கங்க உடம்பெல்லாம் வரி இருக்கும்? எங்கப்பா வீட்ல பட்டுக்கூட்ட அவிச்சி நூல் எடுத்துட்டுக் கொட்டுவோமே, அந்தப் புழுங்க அது! புடவைக்காரருக்குப் பட்டுப்புழு தெரில, நல்லா கீது போங்க!"

அதற்குள் அரைக் கோப்பை உள்ளே போயிருந்தது. விரதமும் போச்சு, கெத்தும் போச்சு.

இப்போதெல்லாம் வெளியூரில் எதை வாங்கினாலும் முதலில் அவளுக்கு வீடியோவில் காட்டிவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன். மீதி அரைக் கோப்பையை அன்றைக்கே குப்பையில் கொட்டிவிட்டதாக அவளிடம் சொல்லியிருக்கிறேன். விரதம்தான் போய்விட்டதே, ருசியையாவது முழுசாகத் தெரிந்துகொள்ளலாம் என்று அதையும் தின்றுவிட்டேன்.