ஒடெல் கேட்ட நிரந்தர வேலை

ஒடெல் ப்ரூசார்ட் நர்ஸ். அமெரிக்காவில் வெயில் காயும் லூசியானாக்காரி. ஆள் போதாத ஆஸ்பத்திரியில் பதின்மூன்று வாரம் வேலை, பிறகு பெட்டி கட்டு, அடுத்த ஊர். மூன்று வருஷமாக இதே பிழைப்பு. இப்போது வடக்கு டகோட்டாவில் பன்னிரண்டாவது ஆஸ்பத்திரி. அங்கே அடிக்கிற குளிரில் தும்மினால் தும்மல் வெளியே வரப் பயந்து மூக்குக்குள்ளேயே திரும்பிப் போய்விடும்.

குளிரைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். பெட்டியைத்தான் பொறுக்க முடியவில்லை. இப்போது பார்க்கும் வார்டிலேயே நிரந்தர வேலை கேட்டு எழுதிக் கொடுத்திருந்தாள். பதின்மூன்றாவது வாரம் முடிகிற வெள்ளிக்கிழமை முடிவு சொல்வதாகத் தலைமை நர்ஸ் மார்லிஸ் சொல்லியிருந்தாள்.

அதுவரை வழக்கம்போலத்தான். வேறு மாடியில் ஆள் குறைந்தால், "ஊர்சுத்தியை அனுப்பு" என்பார்கள். அடிக்க வரும் நோயாளியா, அவரும் ஊர்சுத்திக்குத்தான். சாப்பாட்டு இடைவேளை அவளுக்கு வரும்போது பசியே செத்திருக்கும்.

புதன்கிழமை காலை, பதினான்காம் அறையில் ஓட்டோ ஸ்விகார்ட் தாத்தா, "இந்த ஓட்ஸ் கஞ்சியை ஒட்டுறதுக்குத்தான் வெச்சுக்கணும்" என்று நக்கலடித்துக்கொண்டே கண் செருகினார். நாடியைத் தொட்டாள், இல்லை. ஒரு கையால் மார்பை அழுத்திக்கொண்டே மறுகையால் போனை எடுத்தாள். விரல் தானாக இருபத்திரண்டை அழுத்தியது. போன ஊர் கான்சாஸில் அதை அழுத்தினால் டாக்டர் படையே ஓடிவரும்.

"சலவைக்கூடம், ஏர்ல் பேசறேன்."

"பதினாலாம் ரூம், இதயம் நின்னுபோச்சு!"

"ஐயோ, இங்க துணிதாம்மா இருக்கு! கட்டிலுக்குப் பின்னால நீலப் பொத்தான் இருக்கு பாருங்க, அதை அழுத்துங்க!"

முப்பது வருஷம் படுக்கை விரிப்பு மாற்றிய ஏர்லுக்குத் தெரிந்தது, சேர்ந்த அன்று தந்த அரைநாள் பயிற்சியில் ஒடெல்லுக்கு யாரும் காட்டாதது. அழுத்தினாள். ஆட்கள் ஓடிவந்தார்கள். தாத்தா பிழைத்தார், மத்தியானமே கஞ்சியைத் திட்டவும் ஆரம்பித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மார்லிஸ் ஒடெல்லைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"நீ கெட்டிக்காரிதான், நான் இல்லேங்கல. ஆனா அம்பது செகண்ட் லேட்டுன்னு மேல எழுதிட்டாங்க. வேலையை வேற ஆளுக்குக் குடுத்தாச்சு."

"பொத்தானை யாருமே காட்டலையே, மார்லிஸ்."

"கேட்டிருக்கலாமே."

"எதையெதைன்னு கேக்கறது? இங்க பாத்ரூம் எங்கேன்னு கேட்டதுக்கே ரெண்டு பேர் சிரிச்சாங்க."

மார்லிஸ் மேஜைக் காகிதங்களை அடுக்கினாள். ஏற்கெனவே அடுக்கியிருந்த காகிதங்கள்தான்.

ஒடெல் தான் தங்கியிருந்த அறைக்குத் திரும்பிக் காலணியைக் கழற்றுவதற்குள், வேலை பிடித்துத் தரும் ஏஜெண்ட் ப்ரெண்ட் போனில் வந்தான். "ஐடஹோல ஒரு இடம், ஒடெல். ஜன்னலைத் திறந்தா மலைதான்! திங்கக்கிழமை சேர்ந்துடறீங்களா?"

"போன தடவையும் மலைன்னுதான் சொன்னே. குப்பை மலை."

"சத்தியமா இது நெசமான மலை."

"சரி, அனுப்பு."

குளிர்ப்பெட்டியைத் திறந்தாள். வேலை கிடைத்துவிடும் என்று நம்பிப் பெரிய கேனாகப் பால் வாங்கியிருந்தாள். கொட்ட மனம் வரவில்லை. நின்றபடியே ஒரு டம்ளர் குடித்தாள். இன்னொன்று ஊற்றினாள்.