நீலத் தொட்டியின் தடிமன்

சகிலா அக்கா வாணியம்பாடிக்காரர். அப்பா அதாவுல்லா தோல் தொழிற்சாலைகளில் தொட்டி வெல்டிங் செய்தவர். அக்கா டிப்ளமா முடித்ததிலிருந்து பதினோரு வருடமாக, தகட்டின் தடிமன் அளக்கும் சின்னக் கருவியோடு ஸ்கூட்டியில் ஜவ்வாது மலை ஏறி இறங்குகிறார். அளப்பார், கணக்குப் போடுவார், தொட்டி தாங்குமா தாங்காதா என்று எழுதிக் கொடுப்பார்.

போன மாசியில் மேலே ஒரு மலையூருக்கு நானும் கூடப் போயிருந்தேன். ஊர்க் குடிநீருக்கென்று கீழேயிருந்து பழையதாக வாங்கிவந்த ஐந்து மீட்டர் உயர இரும்புத் தொட்டி. அதன் நிழலில் ஈஸ்வரி என்பவர் இட்லிக் கடை போட்டிருந்தார். பத்துப் பேர் தொட்டியில் முதுகு சாய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

கருவி மூன்று மில்லிமீட்டர் காட்டியது. தண்ணீரின் அழுத்தத்தைத் தொட்டியின் ஆரத்தால் பெருக்கி, தடிமனால் வகுத்தார் அக்கா. தகட்டுக்கு வரும் இழுவையைப்போல் பத்து மடங்கை அது தாங்கும். நான்கு மடங்கே போதும். 'நன்றாக உள்ளது' என்று எழுதிவிட்டார்.

அப்போது மோட்டார் ஓடியது. தண்ணீர் ஏற ஏற, தகட்டின்மேல் இருந்த அக்காவின் உள்ளங்கையை ஏதோ மெல்லத் தள்ளியது, தூங்குகிற மாட்டின் வயிறு போல. உள்ளே 'டொக்' என்றது.

"அது அப்டித்தாங்க," என்றார் ஈஸ்வரி, சட்னி ஊற்றியபடி. "உள்ள யாரோ குந்தினு கீறாங்கன்னு சொல்லிக்குவோம். ஒண்ணும் பண்ணாது."

மூன்று மில்லி இரும்பு அப்படி அசையாது. எப்போது பெயின்ட் அடித்தீர்கள் என்று அக்கா விசாரித்தார். பொங்கலுக்குப் பொங்கல், வீட்டுக்கு வெள்ளையடிக்கையில் தொட்டிக்கும் ஒரு கோட்டு, கசிகிற இடத்தில் இரண்டு என்றார்கள். பழையதைச் சுரண்ட மட்டும் கூடாதாம், தண்ணீர் போய்விடுமாம்.

அக்கா அரத்தை எடுத்து நாலைந்து இடத்தில் சுரண்டினார். நீலம், அதன் கீழும் நீலம், இன்னும் நீலம். தோல் உரிவதுபோல் வந்துகொண்டே இருந்தது. ஓரிடத்தில் மட்டும் கடைசியில் இரும்பு தட்டியது, கருவியில் அரை மில்லி. பெயின்டையும் இரும்பென்று கணக்கில் சேர்த்திருக்கிறார். பத்து மடங்கு எங்கே, இரண்டு மடங்குகூட இல்லை.

எல்லோரையும் எழுப்பித் தள்ளி நிற்கச் சொன்னார். வால்வைத் திறக்கப் போனபோது ஈஸ்வரி குறுக்கே வந்தார். மூன்று நாள் தண்ணீர் அது.

"தொறந்துட்டு நீ வண்டி எடுத்துக்கினு பூடுவ. நாங்க இன்னா குடிக்கறது?"

"நீங்க சாயற எடத்துலதான்க்கா கிழியும். அப்புறம் குடிக்க யாரு இருப்பாங்க?"

ஈஸ்வரி தன் அடுப்பைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குடங்களைக் கொண்டுவரச் சொன்னார். பிடித்தது போக மீதி சரிவில் ஓடியது.

காலியானதும் பக்கவாட்டு மூடியைக் கழற்றி அக்கா உள்ளே ஊர்ந்தார். பின்னால் நான். கும்மிருட்டு. அரம் பட்டு மெலிந்த இடங்களில் மட்டும் வெளி வெளிச்சம் ஊடுருவி நீலப் புள்ளிகள் ஒளிர்ந்தன. அங்கெல்லாம் இரும்பே இல்லை! வெறும் பெயின்ட்தான் இத்தனை நாள் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தது.

இருப்பதிலேயே பெரிய புள்ளியை அக்கா விரலால் அழுத்தினார். விரல் அப்படியே வெளியே போய்விட்டது. இழுப்பதற்குள், வெளியிலிருந்து ஒரு கை அதைப் பற்றிக்கொண்டது. ஈஸ்வரியின் வளையல் தகட்டில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. அந்தக் கை நெடுநேரம் விடவே இல்லை.