பழைய இயக்குநரிடம் நான் படித்தது

அந்த இயக்குநரின் வாழ்க்கை வரலாற்றை நான் ரெயினில்தான் வாசித்தேன். விட்பியிலிருந்து ரொறன்ரோ நகரத்துக்கு வேலைக்குப் போய்வருவது நீண்ட பயணம். நூலகத்தில் எடுத்த அந்தத் தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒரு குளிர்காலம் முழுக்க என் மடியில் கிடந்தது.

கறுப்பு வெள்ளைக் காலத்து ஹொலிவூட்காரர் அவர். இறைச்சிக்கடைக்காரரின் மகன். தகப்பனோடு கோபித்துக்கொண்டு கலிபோர்னியாவுக்கு ஓடி, ஊமைப்படக் காலத்தில் செட்டுக்கு ஆணி அடிக்கிற தச்சனாகச் சேர்ந்தவர். படங்கள் பேசத் தொடங்கியபோது பெரிய இயக்குநர்களே மைக்கைக் கண்டு பயந்தார்கள். இவர் ஒலிப்பதிவுக்காரர்களோடு சீட்டாடி, சேர்ந்து சாப்பிட்டு, அந்த வேலையைப் பழகிக்கொண்டார். பிறகு அவரை யாராலும் பிடிக்க முடியவில்லை. ஸ்ரூடியோ கொடுத்த கதைகளையெல்லாம் எடுத்துத் தள்ளினார். குதிரைப் படம், காதல் படம், அழுகைப் படம், எதுவென்றாலும் சரி.

ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தள மண்டபத்தில் எங்கள் சிறிய திரைப்பட வட்டம் மாதம் ஒருமுறை கூடும். அங்கே அவரைப் பற்றிப் பேசினேன். எல்லாரையும் பிடித்து உலுக்கியது ஒரு சம்பவம். அவருடைய படமொன்றில் தாயாக நடித்தவள் நிஜத்தில் குழந்தையைப் பறிகொடுத்தவள். வெறும் தொட்டிலைப் பார்த்து அழவேண்டிய காட்சியில் அவளுக்குக் கண்ணீர் வரவில்லை. அவள் தன் பிள்ளைக்கு என்ன தாலாட்டுப் பாடினாள் என்று இயக்குநர் உடையலங்காரம் செய்கிற பெண்ணிடம் விசாரித்து அறிந்தார். அடுத்தநாள் செட்டின் மறைவில் ஒரு வயலின்காரரை இருத்தினார். கமரா ஓடத் தொடங்கியதும் அந்தத் தாலாட்டு எழுந்தது. அவள் உடைந்துபோனாள். அந்த முகம் சரித்திரமாகிவிட்டது.

மண்டபத்தில் கைதட்டினார்கள். அந்த நடிகை அதன்பிறகு சாகும்வரை அவருடைய பெயரை உச்சரிக்கவில்லை என்று புத்தகத்தின் அடுத்த பக்கத்தில் இருந்தது. அதை நான் சொல்லவில்லை. நேரம் போய்விட்டது என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அன்று இரண்டாவது வரிசையில் அன்ரி இருந்தார். சொந்த அன்ரி அல்ல. அதே கட்டடத்தில் மகளோடு இருக்கிறவர், எழுபது கடந்தவர், மன்னார்க்காரர். அவருடைய மகன் யுத்தத்தின் கடைசிக் காலத்தில் ஒரு பின்னேரம் வீட்டைவிட்டுப் போனவன், திரும்பி வரவில்லை. எங்கள் எல்லாருக்கும் அது தெரியும். யாரும் கேட்பதில்லை.

நான் அப்போது ஒரு குறும்படம் எழுதியிருந்தேன். மகனை வழியனுப்புகிற தாயின் கதை. அன்ரியைத்தான் கேட்டேன்.

"கோயில் நாடகத்தில மாதாவா நடிச்சனான், தம்பி. நீர் ஒண்டுக்கும் யோசியாதையும்," என்றார்.

ஒத்திகைக்கு நானே காரில் கூட்டிவருவேன். ஒருநாள் நெடுஞ்சாலையில் பனி கொட்டி, வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. பாத்திரத்துக்கு உதவும் என்ற சாட்டில் நான் கேட்டேன். "அன்ரி, உங்கட மகன் கடைசியா வெளிக்கிடேக்க என்ன சொன்னவர்?"

அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். "'அம்மா, கதவைப் பூட்டாதேங்கோ, நான் கெதியா வந்திடுவன்' எண்டு சொன்னவன்."

எனக்கு வலித்தது உண்மை. அதே கணத்தில், இது என் வசனத்தைவிட நல்ல வசனம் என்று மனம் குறித்துக்கொண்டதும் உண்மை.

படப்பிடிப்பு எங்கள் வீட்டுக் குசினியில் நடந்தது. மகனாக நடித்தவர் இங்கே பிறந்து வளர்ந்தவர், வங்கியில் வேலை. "போட்டு வாறன் அம்மா" என்பதுதான் நான் எழுதிய வசனம். அன்ரி துணிகளை மடித்துக்கொண்டு நிமிரவேண்டும், கண் கலங்கவேண்டும். நன்றாகத்தான் செய்தார். ஆனால் கண் காய்ந்தே இருந்தது. திரும்பத் திரும்ப எடுத்தோம். பிறகு நான் அந்த நடிகரைக் கராஜுக்குக் கூட்டிப்போய் வேறு வசனத்தைச் சொல்லிக்கொடுத்தேன். அது எங்கிருந்து வந்தது என்றும் சொன்னேன்.

அவர் முகம் மாறியது. "இது ஓகே இல்லை, அண்ணை. அவ அப்செற் ஆகிடுவா. சொல்லிப்போட்டுச் செய்வமே?"

"சொன்னா வராது," என்றேன். வயலின்காரரின் கதையை ஞாபகப்படுத்தினேன். நான் மூத்தவன் என்பதால் அவர் தலையாட்டினார்.

கமரா ஓடியது. அவர் வாசலில் நின்று, கதவைப் பூட்டவேண்டாம் என்ற அந்த வசனத்தைச் சொன்னார். துணி மடித்த கை நின்றது. அன்ரி அவரைப் பார்க்கவில்லை. கமராவுக்குப் பக்கத்தில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தபடியே இருந்தார். கண்ணீர் தானாக இறங்கியது. நான் 'கட்' சொல்லவில்லை. வேண்டுமென்றே சொல்லவில்லை.

"முடிஞ்சுதே?" என்று கடைசியில் அவர்தான் கேட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, தன் குளிர்கோட்டு எங்கே என்று தேடினார். என் மனைவிதான் அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டாள். திரும்பி வந்து, "வழிமுழுக்க அவ ஒரு கதையும் கதைக்கேல்லை. என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டாள். நான் வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் அந்தப் படத்துண்டைப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். நான் எடுத்தவற்றில் அதுதான் சிறந்தது. அதைப் பார்க்கும்போது எனக்குச் சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷம்தான் என்னைச் சாப்பிட விடாமல் செய்தது. ஞாயிற்றுக்கிழமை அன்ரியின் வீட்டுக்குப் போனேன்.

மகள் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டார். அன்ரி தேத்தண்ணி ஊற்றி வந்து வைத்தார்.

"நான் செய்தது பிழை, அன்ரி. உங்கட பிள்ளையின்ர கதையை நான் எடுத்திருக்கக் கூடாது."

"அது அவன் சொன்ன கதை இல்லை."

எனக்கு விளங்கவில்லை.

"ஆரும் கேட்டால் சொல்லுறதுக்கு ஒண்டு வச்சிருக்கிறன். எல்லாருக்கும் அதைத்தான் சொல்லுறனான். அவன் உண்மையாச் சொன்னதை நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. உள்ளுக்க இருக்கிறவளுக்கும் தெரியாது."

"அப்ப ஏன் அன்ரி…"

"ஏன் அழுதனான் எண்டோ? நீங்கள் எனக்கு இப்பிடிச் செய்வியள் எண்டு நான் நினைக்கேல்லை."

அதுவரை என்னை 'நீர்' என்று உரிமையோடு கூப்பிட்டவர், முதல்முறையாக 'நீங்கள்' என்றார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அந்தத் துண்டை வெட்டிவிடுறன், அன்ரி."

"அது உங்கட படம்," என்றார். "தேத்தண்ணி ஆறுது."

அடுத்த கூட்டத்தில் அந்த இயக்குநரின் மிச்சக் கதையைச் சொன்னேன். ஸ்ரூடியோக்கள் நொடித்துப் படுத்ததையும், மலைச்சரிவு வீட்டில் தொலைபேசி அடிக்கும் என்று அவர் வருடக்கணக்காகக் காத்திருந்ததையும், ரோஜாச்செடிகளுக்குத் தண்ணீர் விட்டபடியே செத்துப்போனதையும். முன்பு விழுங்கிய பக்கத்தையும் சொன்னேன். "அவர் அவவிட்ட மன்னிப்புக் கேட்டவரோ?" என்று ஒருவர் கேட்டார். புத்தகத்தில் இல்லை என்றேன். அன்ரி அன்று வரவில்லை.

குறும்படத்தை றிச்மண்ட் ஹில்லில் ஒரு சிறு மண்டபத்தில் காட்டினோம். அந்தத் துண்டை எடுத்துவிட்டு, கண் காய்ந்திருந்த முந்தைய ஒன்றைப் போட்டிருந்தேன். அன்ரி மகளோடு வந்திருந்தார். முடிந்ததும் எல்லாரும் றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு நிற்க, முதலில் எடிற் செய்ததைப் பார்த்திருந்த நண்பர் உரத்துக் கேட்டார். "அந்த அழுகிற சீன் எங்கை?"

"அது சரியா வரேல்லை," என்றேன்.

அன்ரி பேப்பர் தட்டோடு பக்கத்தில்தான் நின்றார். கேட்டிருப்பார். என் பக்கம் திரும்பவில்லை. மகனாக நடித்தவரிடம் போய், "நல்லாச் செய்தனீர், தம்பி," என்று தோளில் தட்டினார்.

வெளியே பனி தூறியது. வீட்டில் இறக்கிவிடட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம். மகள் கார் கொண்டு வந்தவ. நீங்கள் கவனமாப் போங்கோ."

அந்தத் துண்டு இன்னும் என் கணினியில் இருக்கிறது. அழிப்பதற்காகத்தான் திறக்கிறேன். ஒருக்காப் பார்த்துவிட்டு அழிப்போம் என்று தொடங்குவேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கிற இடம் வரும். அதில் நிறுத்துவேன். பிறகு மூடி வைத்துவிட்டு எழும்பிப் போய்விடுவேன்.