ராஜபார்ட்டுக்கு மட்டும் போட்ட நாற்காலி

தனபால் சார் இறந்துவிட்டார். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர். காலையில் பள்ளித் தோழி ஒருத்தி வாட்ஸப்பில் சொன்னாள். மாலை நாலு மணிக்கு எடுக்கிறார்களாம்.

திருச்சியிலிருந்து போய்விடக்கூடிய தூரம்தான். புடவை மாற்றினேன்... மறுபடி வீட்டுப் புடவைக்கே மாறினேன். இப்போது இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஊர் குரூப்பில், "எல்லாரையும் ஒண்ணா நடத்தின மனுசன்" என்று வரிசையாகப் போடுகிறார்கள். எனக்கு லைக் போட விரல் போகவில்லை.

எழுபதுகளில் கடை போட்டவர். அரியலூர், உடையார்பாளையம் பெரிய வீட்டுக் கல்யாணம் என்றால் கார் அனுப்பி அவரைக் கூட்டிப்போவார்கள். மணப்பெண் முகத்து அம்மைத் தழும்பை நெகட்டிவில் பென்சிலால் நிரப்பிவிடுவார். மாமியாரே தேடினாலும் கிடைக்காது.

இன்னொரு பக்கம் நாடகக்காரர்கள். நோட்டீஸில் போடப் படம் வேண்டுமே... வேஷம் கட்டிக்கொண்டு பட்டப்பகலில் வந்து இறங்குவார்கள். சார் யாரையும் சிரிக்கச் சொன்னதில்லை. "வசனத்தப் பேசுங்க" என்பார். பேசி முடித்து, மூச்சு வாங்க வாயை மூடுகிற நொடியில் எடுத்துவிடுவார். அந்த முகத்தில் அதிகாரம் இன்னும் மிச்சமிருக்கும்.

இந்த வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

என் அப்பா ராஜபார்ட் நடிகர். நாடகம் இல்லாத நாட்களில் வேப்பந்தட்டைப் பக்கம் அடுத்தவர் காட்டில் கூலி வேலை.

வேஷத்தோடு போனால், "வாங்க ராஜபார்ட், உக்காருங்க" என்று சிங்க முகம் செதுக்கிய தேக்கு நாற்காலியை சாரே இழுத்துப் போடுவார். பெரிய வீட்டுக்காரர்கள் உட்காரும் அதே நாற்காலி.

எங்கள் தெருக்காரர்கள் வேஷம் இல்லாமல் போனால் அது சுவரோரம் ஒதுங்கிவிடும். நின்றுதான் படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நான் நாலாவது படிக்கும்போது அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் போனோம். அப்பா பாக்கெட் இல்லாத வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருந்தார். நேராகப் போய் அந்த நாற்காலியில் கை வைத்தார்.

"சின்னசாமி, அதுக்குக் கால் ஆடுதுப்பா. ஆசாரி வரணும். அப்பிடியே நின்னுக்க."

"போன வாரம் உக்காந்தனே சார்?"

"அது போன வாரம்."

அப்பா சிரித்தார். "சரிங்க சார். ஆசாரி வந்துட்டுப் போவட்டும். அப்பறம் வரோம்."

படம் எடுக்காமலே திரும்பினோம். பஸ்ஸில் அம்மாவிடம், "கிரீடம் வெச்சா நம்ம வெயிட்டு கொறஞ்சுரும் போலருக்குடி" என்றார். அம்மா சிரிக்கவில்லை.

(நடுவில் எழுந்து போய் அடுப்பை அணைத்தேனா என்று பார்த்துவிட்டு வந்தேன். இன்று அடுப்பே பற்றவைக்கவில்லை.)

அடுத்த வருஷம் மஞ்சள் காமாலையில் அப்பா போய்விட்டார்.

பதினாறாம் நாள் மாலை போட ஒரு படம் வேண்டும். வீட்டில் இருந்ததெல்லாம் நாடக நோட்டீஸ். கிரீடம், ஒட்டு மீசை, கழுத்து நிறைய நகை... அந்த ராஜாவுக்குப் பொட்டு வைக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு சாரிடம் போனாள். "நம்மகிட்ட இருக்குறதும் வேசம் போட்ட படந்தாம்மா... பாக்குறேன்" என்றார்.

பதினைந்தாம் நாள் கொடுத்தார். அதே ராஜா படம்தான். ஆனால் கிரீடத்தைச் சுரண்டி எடுத்துத் தலைமுடி தீட்டியிருந்தார். மீசையைக் குறைத்திருந்தார். நகைக்கு மேல் வெள்ளைச் சட்டை... பாக்கெட் இல்லாதது. அன்றைக்கு அப்பா போட்டுக்கொண்டு போன சட்டை.

சிங்க முகத்தில் கை வைத்து அப்பா உட்கார்ந்திருந்தார்.

அம்மா வெகுநேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"இப்பக் காலு ஆடலீங்களா சார்?"

சார் படத்தை நியூஸ் பேப்பரில் சுற்றி, நூல் கட்டி, அம்மா கையில் கொடுத்தார்.

இப்போதும் என் வீட்டு ஹாலில் இருப்பது அந்தப் படம்தான். தலை வகிடு மட்டும் தப்பான பக்கம். அப்பாவைக் கிரீடம் இல்லாமல் சார் எத்தனை முறைதான் நிமிர்ந்து பார்த்திருப்பார்?

அந்த வருஷமே ஆறாம் வகுப்புக்கு ஹாஸ்டலில் சேர ஒரு படம் தேவைப்பட்டது. அம்மா என்னை அங்கேயேதான் கூட்டிப்போனாள்.

சார் தானே போய் நாற்காலியை இழுத்து வந்து நடுவில் போட்டார். துண்டால் தட்டினார். "உக்காரும்மா."

"நிக்கிறேன் சார்."

"உக்காரும்மா. நல்லாருக்கும்."

"இல்ல சார். நிக்கிறேன்."

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா சுவரைப் பார்த்தாள். கேமரா ஸ்டாண்டை என் உயரத்துக்கு ஏற்றி எடுத்தார்.

ஹாஸ்டல் ஃபாரத்தில் ஒட்டியது கழுத்துக்கு மேலே உள்ள படம். நின்றேனா உட்கார்ந்தேனா என்று அதைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

மணி ஒன்றாகிவிட்டது. பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன். மாலை வாங்குவதா வேண்டாமா என்று அங்கே இறங்கியபின் பார்த்துக்கொள்கிறேன்.

வரேன் சார்.