புளி போட்டுத் தேய்த்த செவ்வந்தித் தட்டு

புலம்பெயர்ந்து வந்த மனோர் பார்க்கில் எனக்கும் பக்கத்து வீட்டு யப்பான்கார அம்மாவுக்கும் நடுவில் ஒரே சுவர். தமிழ் அவருக்குத் தெரியாது. இங்கிலீசில் எனக்கு நாலைந்து சொல்தான். ஆனாலும் பின்வளவு வேலிக்கு மேலால் முருங்கைக்காய்க் கறி போகும், முள்ளங்கி ஊறுகாய் வரும். அந்த ஊறுகாயின் மணத்தைச் சொல்ல வெளிக்கிட்டால் பொழுது போய்விடும்.

வயிற்றில் புற்றுநோய் என்று ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, தன் தாயின் பீங்கான் தட்டைப் பத்திரமாக வைத்திருக்கச் சைகையால் சொல்லி என்னிடம் தந்தார். வெள்ளைத் தட்டில் ஐந்து செவ்வந்தி. சிவப்பு இதழ்களுக்குத் தங்க விளிம்பு. தடித்த சாயத்தில் வரைந்த பூக்கள் சற்று மேலெழும்பி நிற்கும், தடவினால் விரலில் படும். பார்வை போனபிறகு அவர் தினமும் அவற்றைத் தடவித்தான் பார்ப்பார். அப்படிப்பட்டதை என்னை நம்பித் தந்தாரே! சந்தோஷத்தில் சாமியறையில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வைத்தேன்.

வியாழக்கிழமை பின்னேரம் விளக்கைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்ப்பது என் வழக்கம். தட்டின் தங்கமும் மங்கலாகத் தெரிந்தது. அவர் வரும்போது மினுங்கட்டுமே என்று, பாட்டும் படித்துக்கொண்டு, அதையும் சேர்த்துத் தேய்த்தேன். கழுவிய தண்ணீரோடு முதலில் தங்கம் போனது. பிறகு சிவப்பு.

மருமகள் ஓடிவந்தாள். "மாமி, இதென்ன பித்தளையே?"

"மினுங்கட்டும் எண்டுதான் பிள்ளை..."

"இப்ப நல்லா மினுங்குது, வெறும் வெள்ளையா!"

அடுத்த கிழமை நர்ஸ் போன் பண்ணினாள், மருமகள்தான் கேட்டுச் சொன்னாள். அவர் இனி வீடு திரும்பமாட்டாராம், தட்டைக் கேட்கிறாராம்.

"இதைப்போல வேற ஒண்டு வாங்குவம் மாமி. அவவுக்குத்தான் கண் தெரியாதே."

"விரலுக்குத் தெரியும் பிள்ளை."

தட்டைத் துவாய்த் துண்டில் சுற்றிக்கொண்டு போனேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிச் சிரித்தார். விரல் ஓரத்திலிருந்து நடுவுக்குப் போனது, நின்றது, திரும்பவும் ஓரத்துக்கு வந்தது. அங்கே அரைப் பூ மிச்சமிருந்தது.

"பிளவர்?" என்றார்.

அவருடைய கையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தேன். "மை ஹேண்ட்," என்றேன். "ஐ ஆம் சொறி." என் இங்கிலீசு அவ்வளவுதான்.

விளங்கியதோ தெரியாது. கையை இழுத்து, தட்டைத் திருப்பி, பின்பக்கத்திலும் பூவைத் தேடி மெதுவாகத் தடவிப் பார்த்தார். பிறகு அதை என் மடியில் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.